லிங்கன் நகரின் மகா சாசனமும் ஒரு சிறுவனின் சமாதியும்

இங்கிலாந்துக்குச் செல்லும் நம்மவர்கள் இலண்டனில் உறவினர் வீடுகளையும் கோயில்களையும் பார்த்துவிட்டு, நேரம் மிஞ்சினால் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் என்று ஒரு சுற்றுச் சுற்றி வருவதோடு திருப்தியடைந்து விடுகின்றனர். வடக்கே புகையிரதத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள லிங்கன் நகருக்குச் செல்பவர்கள் வெகு சிலரே. மகா சாசனத்தின் மூலப் பிரதிகளில் ஒன்றைப் பார்க்கும் ஆவலில் நான் அங்கு சென்றேன். பார்த்தேன், மகிழ்ந்தேன். ஆனால் இன்றுவரை என்னைச் சிந்திக்க வைத்துக்கொண்டிருப்பது, அந்நகரின் பேராலயத்தினுள் அதிகம் எவரும் நின்று பார்க்காத ஒரு சிறிய கற்சமாதியே.

ஊரின் பெயரிலேயே அதன் வயது தெரிகிறது. ஓய்வுபெற்ற ரோமானியப் படைவீரர்கள் குடியேற்றப்பட்ட 'லிண்டம் கொலோனியா' என்ற பெயரே மருவி லிங்கன் ஆயிற்று. ரோமானியர் கட்டிய நியூபோர்ட் வாயிலின் கீழாக இன்றும் வாகனங்கள் செல்கின்றன. 1964இல் ஒரு லொறி மோதி அவ்வளைவைச் சேதப்படுத்திய பின்னர் அதனைத் திருத்தியமைத்திருக்கிறார்கள். நோர்மண்டியிலிருந்து வந்து நாட்டைக் கைப்பற்றிய மன்னர் வில்லியம் 1068இல் இங்கே கோட்டை கட்டுவித்தார். அதற்காக 166 வீடுகள் அழிந்தன என்பதை அவரது காலத்து இறைப் பதிவேடே குறித்து வைத்திருக்கிறது. வெற்றி பெற்றவர்களின் கணக்குப் புத்தகத்தில் தோற்றவர்களின் இழப்பும் பதிவாவது வரலாற்றில் அபூர்வம்.

கோட்டைக்கு எதிரே மலையுச்சியில் பேராலயம். 1092இல் அபிஷேகம் செய்யப்பட்ட முதற் கட்டடம் 1185இல் ஏற்பட்ட நில அதிர்ச்சியில் பெரும்பாலும் சிதைந்தது. பிரான்சிலிருந்து வந்த ஆயர் ஹியூ 1192இல் அதனை மீளக் கட்டத் தொடங்கினார். 1311இல் நடுக் கோபுரத்தின் மேல் எழுப்பப்பட்ட கூம்பு ஏறத்தாழ 160 மீற்றர் உயரத்தை எட்டியதாகவும், எகிப்தின் பெரிய பிரமிட்டை உயரத்தில் விஞ்சிய முதற் கட்டடம் அதுவே என்றும் கூறப்படுகிறது. 1548இல் அக்கூம்பு விழுந்துவிட்டது. திரைப்பட ரசிகர்களுக்கு ஒரு தகவல்: 'டாவின்சி கோட்' படத்தை எடுக்க வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயம் மறுத்தபோது, 2005இல் ஒரு இலட்சம் பவுண் நன்கொடை பெற்று இடங்கொடுத்தது இந்தப் பேராலயந்தான்.

மகா சாசனம் பேராலயத்துக்கு உரியது. எனினும் கோட்டையினுள் 2015இல் திறக்கப்பட்ட தனிக் காப்பறையில் அது வைக்கப்பட்டிருக்கிறது. 1215ஆம் ஆண்டுப் பிரதிகளில் எஞ்சியிருப்பவை நான்கு மாத்திரமே. சுதந்திரமான எவரையும் அவருக்குச் சமமானவர்களின் தீர்ப்போ நாட்டின் சட்டமோ இன்றிச் சிறைப்பிடிக்கலாகாது என்று கூறும் 39ஆம் பிரிவைச் சட்டம் படித்தவர்கள் அனைவரும் அறிவர். இந்த வரியை நெஞ்சில் இருத்திக்கொண்டு ஸ்டீப் ஹில் எனப்படும் செங்குத்தான வீதியில் இறங்கினால், 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட 'யூதரின் வீடு' வரும்.

மத்திய காலத்தில் லிங்கனில் செல்வாக்குள்ள யூத சமூகமொன்று வாழ்ந்தது. 1186இல் காலமான ஆரன் என்பவர் நாட்டின் பெருஞ் செல்வர்களுள் ஒருவர். மடங்கள் பலவற்றைக் கட்டுவதற்கு அவரது பணம் கடனாகச் சென்றது. பேராலயத்தின் திருப்பாத்திரங்களே ஒரு காலத்தில் அவரிடம் அடைவில் கிடந்தன. அவர் இறந்ததும் சொத்தை முடி எடுத்துக்கொண்டது. அவருக்கு வரவேண்டிய கடன்களை அறவிட மாத்திரம் ஒரு தனித் திறைசேரிப் பிரிவை அமைக்க வேண்டியிருந்தது! 1190இல் யூதர்களுக்கு எதிரான கலவரங்கள் நாட்டில் பரவியபோது, ஆயர் ஹியூ இங்குள்ளவர்களைப் பாதுகாத்தார். 1200இல் அவரது இறுதி ஊர்வலத்தில் யூதர்களும் அழுதபடி சென்றனர்.

ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர், அதே ஹியூ என்ற பெயருடைய எட்டு அல்லது ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் காணாமற் போனான். 1255 ஓகஸ்ட் மாத இறுதியில் அவனது உடல் கிணற்றில் கிடந்தது. அப்போது ஒரு திருமணத்துக்காகப் பல ஊர்களிலிருந்தும் யூதர்கள் லிங்கனில் கூடியிருந்தனர். அவர்கள் சிறுவனைச் சித்திரவதை செய்து கொன்றுவிட்டார்கள் என்ற கதை கிளம்பிற்று. உயிரைக் காப்பாற்றுவதாக வாக்களித்து, கோப்பின் என்ற யூதரிடமிருந்து அரச அலுவலர் ஒருவர் வாக்குமூலம் பெற்றார். அங்கு வந்துசேர்ந்த மன்னர் 3ஆம் ஹென்றி அந்த வாக்கை ஏற்க மறுத்து, கோப்பினுக்கு மரண தண்டனை விதித்தார். சுமார் 90 பேர் கைதாகி இலண்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கிறிஸ்தவர்கள் மாத்திரம் அடங்கிய யூரிகள் சபையின் தீர்ப்புக்கு உட்பட மறுத்த 18 பேர் தூக்கிலிடப்பட்டனர். சமமானவர்களின் தீர்ப்பு என்று மகா சாசனம் பேசி அப்போது 40 ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. எஞ்சியோர், துறவிகளும் மன்னரின் தம்பி ரிச்சர்டும் பரிந்து பேசியதால் 1256இல் விடுதலையாயினர்.

இந்நிகழ்வை மிக விரிவாக எழுதியவர் மத்தேயு பாரிஸ் என்ற துறவி. அவர் லிங்கனில் இருந்து எழுதவில்லை, சென். ஓல்பன்ஸ் மடத்தில் அமர்ந்து கேள்விப்பட்டவற்றை எழுதினார். ஆனாலும் அவரது விவரணையில் நேரில் கண்டவர்கூடச் சொல்ல முடியாத நுணுக்கங்கள் நிறைந்துள்ளன. செய்தித் தொழிலில் இருந்தவன் என்ற வகையில் இத்தகைய எழுத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகமே அதிகரிக்கிறது. மன்னரின் பணமுடையையும் கவனிக்க வேண்டும். அவ்வாண்டின் தொடக்கத்தில் ஹென்றி, யூதர்களிடமிருந்து கிடைக்கும் வருவாயைத் தம்பி ரிச்சர்டுக்கு ஈடாக எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் மரண தண்டனை பெற்றவர்களின் உடைமைகள் மன்னரையே சேரும். சிறுவன் எப்படி இறந்தான் என்பது எவராலும் உண்மையாக விசாரிக்கப்படவேயில்லை. இத்தகைய பழியை நம்பி இங்கிலாந்தின் முடியே மரண தண்டனை வழங்கியது இதுவே முதற் தடவை.

சிறுவனைப் பேராலயத்தில் அடக்கம் செய்து புனிதனாகக் கொண்டாடினார்கள். திருச்சபை அவனுக்கு முறைப்படி புனிதர் பட்டம் வழங்கவில்லை. கதை மாத்திரம் பாடல்களிலும், சோசரின் கன்டர்பரிக் கதைகளிலும் புகுந்து நூற்றாண்டுகளைக் கடந்தது. 1290இல் 1ஆம் எட்வேர்ட் யூதர்கள் அனைவரையும் நாடுகடத்தினார். அதே ஆண்டு நவம்பரில் அவரது அரசி எலினோர் லிங்கனுக்கு அருகில் காலமானார். அரசியின் உள்ளுறுப்புகள் இப்பேராலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டன.

இருபதாம் நூற்றாண்டில்கூட, யூதர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் கட்டடமொன்றில் 'சிறுவன் கிடந்த கிணறு' சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டப்பட்டது. அது பார்வையாளரைக் கவர்வதற்காகவே வெட்டப்பட்ட கிணறு என்பது பின்னர் அம்பலமாயிற்று. பேராலயம் 1955இல் சமாதிக்கு அருகே ஓர் அறிவித்தலை வைத்தது. இக்கதைகள் பொய்யானவை, அப்பாவிகள் பலரின் உயிரைப் பறித்தவை, கிறிஸ்தவத்துக்குப் பெருமை தராதவை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பை வேண்டும் அறிவித்தல் அது. ஏழு நூற்றாண்டுகள் பிந்தி வந்த திருத்தம். ஆயினும் சமாதியை அகற்றிவிட்டு எதுவும் நடக்காததுபோல் இருந்துவிடாமல், அதன் பக்கத்திலேயே உண்மையை எழுதி வைத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

ஒரு நாள் முழுவதும் ஒதுக்க முடிந்தவர்கள், கோட்டைக்குள் இருக்கும் விக்டோரியாகாலச் சிறைச்சாலையின் வழிபாட்டுக் கூடத்தையும் பார்க்கலாம். ஒரு கைதி மற்றவரைக் காண முடியாது. போதகர் எல்லோரையும் காணலாம். நகருக்கு வெளியே 2018இல் திறக்கப்பட்ட குண்டுவீச்சு விமானப் படையினரின் நினைவகத்தில் ஏறத்தாழ 58,000 பெயர்கள் உள்ளன. 1982இல் தொடங்கிப் புகழ்பெற்ற நத்தார்ச் சந்தை 2022உடன் நின்றுவிட்டது. அதனை எண்ணி யாரும் டிசம்பரில் போக வேண்டியதில்லை.

சமாதி பாடகர் பகுதியின் தென்புறப் பக்க வழியில் இருக்கிறது. தூணொன்றின் மேலுள்ள புகழ்பெற்ற குட்டிச்சாத்தான் சிற்பத்தைத் தேடிச் செல்பவர்கள் பெரும்பாலும் அதனைக் கடந்து போய்விடுகிறார்கள்.