பல்லார்ட், மார்த்தா: குடிவழி

மார்த்தா பல்லார்ட் (1735–1812) அமெரிக்காவின் மெய்ன் பகுதியில், கென்னபெக் ஆற்றங்கரை ஊரான ஹாலோவெல்லில் வாழ்ந்த மருத்துவச்சி. மாசசூசெட்ஸின் ஆக்ஸ்ஃபோர்டில் மூர் குடும்பத்தில் பிறந்தவர். 1754இல் எஃப்ரேம் பல்லார்டை மணந்தார். பெற்ற ஒன்பது பிள்ளைகளில் மூன்று பெண்கள் 1769இல் தொண்டை அடைப்பான் நோய்க்கு அடுத்தடுத்துப் பலியாயினர். 1785 முதல் இறக்கும் ஆண்டுவரை எழுதிய நாட்குறிப்பில் 816 பிரசவங்களைப் பதிந்துள்ளார். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை 1881இல் நிறுவிய கிளாரா பார்ட்டன் இவருடைய சகோதரி டாரத்தியின் பேத்தி. புகழ் அந்தக் கிளைக்கே. ஆயினும் மார்த்தாவை உலகறியச் செய்தது மகள்வழிக் கிளைதான். எள்ளுப்பேத்தியான மருத்துவர் மேரி ஹோபார்ட், 1884இல் தமக்கு வந்த நாட்குறிப்பை 1930இல் மெய்ன் மாநில நூலகத்துக்கு அளித்தார். அதை ஆராய்ந்து லாரல் தாட்சர் உல்ரிச் எழுதிய நூல் 1991இல் புலிட்சர் பரிசு பெற்றது.