சாயம் போகும் மதராஸ் துணி: இரு உடை மோகங்களும் சிந்தாதிரிப்பேட்டையும்

முன்னுரை

உடை மோகங்களின் வரலாறு பெரும்பாலும் உடுத்தியவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. நெய்தவரும் சாயமிட்டவரும் அதில் இடம்பெறுவது அரிது. இந்தியத் துணிகள் கடல் கடந்து எழுப்பிய இரு மோகங்களைச் சிந்தாதிரிப்பேட்டையின் தோற்றத்தோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

தடையும் பேட்டையும்

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், சோழமண்டலக் கரையின் வண்ணத் துணி உள்ளிட்ட இந்தியப் பருத்தித் துணிகள் இங்கிலாந்தில் பெருமோகமாயின. இதனால் தம் தொழில் நலிவதாகக் கருதிய லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள், 1719இல் அத்துணி உடுத்திய பெண்களைத் தெருவிலேயே தாக்கினர். 1721ஆம் ஆண்டுச் சட்டம், அச்சிட்டும் சாயமிட்டும் வந்த பருத்தித் துணிகளுள் பெரும்பாலானவற்றை உடுத்தத் தடைவிதித்தது. எனினும் வெள்ளைத் துணிக்கும் மறுஏற்றுமதிக்கும் சந்தை நீடித்தது. 1734இல், ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் வளைவில் சுங்குராம செட்டியின் தோட்டமாயிருந்த நிலத்தில் நூற்போர், நெய்வோர், சாயமிடுவோர், வெளுப்போர் ஆகியோரைக் கம்பெனி குடியேற்றியது. ‘சின்னத் தறிப்பேட்டை’ என்பதே சிந்தாதிரிப்பேட்டை என மருவிற்று என்பர்.

குறை சிறப்பானமை

இரண்டாவது மோகம் 1958இல் தொடங்கியதாக வணிக வரலாற்றில் ஒரு செய்தி வழங்குகிறது. வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க இறக்குமதியாளர், சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் வாங்கிய மதராஸ் கட்டத் துணியை ப்ரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்திற்கு விற்றார். குளிர்ந்த நீரில் தனியே அலச வேண்டும் என்னும் குறிப்பு, உடுத்தியவரைச் சென்றடையவில்லை. சாயம் கசிந்தது, புகார்கள் எழுந்தன. பின்னர் விளம்பரங்கள் அக்கசிவையே துணியின் தனிச்சிறப்பாக அறிவித்தன. ஒவ்வொரு சலவையிலும் நிறம் மாறும் சட்டை, 1960களில் அமெரிக்கக் கல்லூரி இளைஞரின் விருப்ப உடையாயிற்று.

இச்செய்தியில் ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர், விற்பனை நிறுவனம், விளம்பரம் ஆகிய நான்கு தரப்புகள் உள்ளன, சாயமிட்டவர் இல்லை. ஆனால் கதையின் திருப்புமுனையான சலவைக் குறிப்பு, சாயமிடுவோரும் வெளுப்போரும் கைக்கொண்ட தொழிலறிவாகும். துணி கடல் கடந்தபோது அவ்வறிவு உடன் செல்லவில்லை. ஆகவே இம்மோகத்திற்கு விளம்பரத்தை மட்டும் காரணமாகக் கூறுவது நிறைவான விளக்கமாகாது.

முடிவுரை

முதல் மோகம் சட்டத்தில் முடிந்தது. இரண்டாவது விளம்பரத்தால் வளர்ந்தது. இரண்டிலும் துணியின் மதிப்பைத் தொலைவிலிருந்தோரே முடிவுசெய்தனர். 1734ஆம் ஆண்டுக் குடியேற்றத்தில் நெய்வோருக்கு இணையாகச் சாயமிடுவோரும் வெளுப்போரும் இடம்பெற்றமை, இத்தொழில்கள் ஒன்றையொன்று சார்ந்திருந்ததைக் காட்டுகிறது. அச்சார்பை அடிப்படையாகக் கொண்டு அணுகினால், மதராஸ் துணியின் வரலாற்றில் விடுபட்ட உழைப்பாளரை மீட்டெடுக்க இயலும்.