மலையேறி வந்த மாத்திரை

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில் கேமரன் மலையின் முதல் ஊர் ரிங்லெட். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் இங்கிருந்து எட்டிவிடும் தூரம். இந்த மலையில் ஒருவருக்கு முற்றிய நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தால், வீட்டில் எழும் முதல் கவலைகளில் ஒன்று போய்வரும் பாடு. கீமோ என்றால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ இறங்க வேண்டும். கூட ஓர் ஆள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். ஊசி ஏறிய உடம்போடு அத்தனை வளைவுகளையும் தாண்டித் திரும்ப வேண்டும். சிலருக்கு மட்டும் டாக்டர் வேறொன்று சொல்வார்: "உங்களுக்கு மாத்திரை போதும், தினம் ஒன்று."

யாருக்கு மாத்திரை, யாருக்கு ஊசி என்பதை இன்று ஒரு சோதனை சொல்லிவிடுகிறது. அந்த விடை கிடைக்க ஆசியாவில் 1,217 நோயாளிகள் ஒரு மருந்து ஆய்வில் சேர வேண்டியிருந்தது. சேர்ந்தவர்களில் மலேசியர்களும் உண்டு. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இந்தக் கதையைச் சொல்ல யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடக்கம் ஓர் எலிக்குட்டியின் கண்ணில். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி கோஹன், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த குட்டிகளுக்கு ஊசியில் ஏற்றினார். இரண்டு வாரத்தில் திறக்க வேண்டிய கண்கள் ஒரு வாரத்திலேயே திறந்துகொண்டன. பற்களும் முந்தி முளைத்தன. செல்களை வளரச் சொல்லும் ஏதோ ஒரு பொருள் அந்தச் சாற்றில் இருந்தது. 1962இல் அதைப் பிரித்தெடுத்து அறிவித்தார். 1986இல் நோபல் பரிசு வந்தது. அந்தப் பொருளை ஏற்றுக்கொள்ள பல வகைச் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் வாங்கிக்குத்தான் ஈஜிஎஃப்ஆர் என்று பெயர். சில நுரையீரல் புற்றுநோய்களில் இந்த வாங்கி, அணைக்க முடியாமல் மாட்டிக்கொண்ட சுவிட்சைப் போல, யாரும் சொல்லாமலே 'வளர், வளர்' என்று கட்டளையிட்டுக்கொண்டே இருக்கும். அதை அணைக்க அஸ்ட்ராஸெனெகா உருவாக்கிய மருந்து கெஃபிடினிப். கடைப்பெயர் இரெஸ்ஸா.

2002 ஜூலையில் ஜப்பான் அதை உலகிலேயே முதலாவதாக அனுமதித்தது. சில மாதங்களுக்குள் நுரையீரல் அழற்சியால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வழக்குகள் தொடுக்கப்பட்டன. அமெரிக்கா 2003இல் அனுமதித்தது. அங்கே பத்தில் ஒருவருக்குத்தான் கட்டி சுருங்கியது. ஆனால் அந்த ஒருவருக்குச் சுருங்கிய வேகம் மருத்துவர்களையே திகைக்க வைத்தது. படுத்த படுக்கையாக இருந்தவர்கள் சில வாரங்களில் எழுந்து நடமாடினார்கள். ஏன் அந்த ஒருவருக்கு மட்டும்?

2004இல் பாஸ்டனின் இரண்டு ஆய்வுக்குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் விடையின் ஒரு முனையைப் பிடித்தன. மருந்து வேலை செய்தவர்களின் கட்டியில் ஈஜிஎஃப்ஆர் மரபணுவே மாறியிருந்தது. அவற்றில் ஒரு குழு ஜப்பானியர் 58 பேரின் கட்டிகளைச் சோதித்தபோது 15இல் இந்த மாற்றம் இருந்தது. அமெரிக்கர் 61 பேரில் ஒன்றே ஒன்று. பெண்கள், புகைக்காதவர்கள், ஆசியர்கள் ஆகியோரிடம் அது கூடுதலாகத் தென்பட்டது.

ஆனால் அதே ஆண்டின் கடைசியில் பேரிடி. 1,692 நோயாளிகளைச் சேர்த்த ஐசெல் என்ற பெரிய ஆய்வில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இரெஸ்ஸா சாப்பிட்டவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகக் காட்ட முடியவில்லை. 2005 ஜூனில் அமெரிக்கா புதிய நோயாளிகளுக்கு அதைத் தருவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. மருந்தின் கதை அத்தோடு முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் அதே ஆய்வில் ஆசிய வம்சாவளியினரை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் இடைநிலை ஆயுள் 5.5 மாதத்திலிருந்து 9.5 மாதமாகக் கூடியிருந்தது. ஆகவே அடுத்த கேள்வியை ஆசியாவில்தான் கேட்டாக வேண்டும்.

கேட்டவர்கள் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் டோனி மோக்கும் அவருடன் சேர்ந்த மருத்துவர்களும். ஆய்வின் பெயர் ஐபாஸ். 2006 மார்ச்சில் தொடங்கியது. சீனா, ஹாங்காங், ஜப்பான், தைவான், தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், மலேசியா என 87 மருத்துவ மையங்கள். புகைத்தே இராதவர்கள், அல்லது கொஞ்சமாகப் புகைத்து என்றோ விட்டுவிட்டவர்கள் மட்டுமே சேரலாம். சேர்ந்தவர்களில் பத்தில் எட்டுப் பேர் பெண்கள். நுரையீரல் புற்றுநோய் என்றாலே சிகரெட் பிடிக்கிற ஆம்பிளைகளின் நோய் என்று நம்மிடையே ஓர் எண்ணம் உண்டு. வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டே இராத பெண்களுக்கு இருமல் மாதக்கணக்கில் நீடித்தாலும் 'குளிர்தானே' என்று விட்டுவிடுவதற்கு அந்த எண்ணமும் ஒரு காரணம். ஐபாஸ் பட்டியல் அதற்கு நேரெதிரான சாட்சி.

சேர்வது என்றால் என்ன என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். முதலில் விளக்கத்தாளும் சம்மதப் படிவமும். படிக்கத் தெரியாதவருக்கு ஒருவர் வாசித்துக் காட்ட வேண்டும். ஆய்வோடு தொடர்பில்லாத இன்னொருவர் சாட்சியாக உட்கார வேண்டும். மலேசியா 1999இலேயே வெளியிட்ட மருத்துவ ஆய்வு நெறிமுறைகள் இந்த வழியில் வந்தவை. கையெழுத்தோ கைநாட்டோ ஆன பிறகு, "எனக்கு மாத்திரையா, ஊசியா டாக்டர்?" என்று கேட்டால் டாக்டரால் சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். பாதிப் பேருக்குத் தினமும் 250 மில்லிகிராம் மாத்திரை. பாதிப் பேருக்கு அன்றைய முறையான சிகிச்சை: கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. யாருக்கும் வெற்று மாத்திரை கொடுத்து ஏமாற்றவில்லை. "சோதனை எலியாக்கிவிடுவார்கள்" என்ற பயம் நம் வீடுகளில் பரவலாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இந்த ஆய்வில் யாரும் சிகிச்சை இல்லாமல் விடப்படவில்லை.

அதே சமயம் இன்னொரு சம்மதமும் கேட்கப்பட்டது. பயாப்சியில் எடுத்த கட்டித் துணுக்கை மரபணு ஆராய்ச்சிக்குத் தருவீர்களா? தராவிட்டாலும் சிகிச்சை உண்டு. தருவதால் தந்தவருக்கு உடனடி லாபமும் இல்லை. 1,217 பேரில் 1,038 பேர் சரி என்றார்கள். சம்மதம் கிடைத்தாலும் துணுக்கு போதுமானதாக இருக்க வேண்டுமே. நுரையீரலுக்குள் ஊசி விட்டு எடுப்பது சில சமயம் கடுகளவுகூடத் தேறாது. கடைசியில் சோதனைக்குத் தகுந்தவையாக நின்றவை 437.

2008 செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் நடந்த புற்றுநோய் மாநாட்டில் முடிவுகள் திரையில் வந்தபோது வினோதமான ஒரு வரைபடம் தெரிந்தது. நோய் வளராமல் எத்தனை பேர் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதைக் காட்டும் இரண்டு கோடுகள். முதல் ஆறு மாதம் கீமோவின் கோடு மேலே. பிறகு இரண்டும் ஒன்றையொன்று வெட்டி, மாத்திரையின் கோடு மேலேறிவிட்டது. ஓராண்டு முடிவில் நோய் வளராமல் இருந்தவர்கள் மாத்திரைப் பிரிவில் 24.9 சதவீதம், கீமோப் பிரிவில் 6.7. ஒரே மருந்து எப்படி முதலில் தோற்றுப் பிறகு ஜெயிக்கும்?

புதிரை அவிழ்த்தவை அந்த 437 துணுக்குகள். மரபணு மாற்றம் இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால், மாத்திரையால் கட்டி சுருங்கியவர்கள் 71.2 சதவீதம், கீமோவால் 47.3. மாற்றம் இல்லாதவர்களிடம் மாத்திரை வேலை செய்தது வெறும் 1.1 சதவீதத்தினருக்கு, கீமோ 23.5 சதவீதத்தினருக்கு. ஒரே ஆய்வுக்குள் இரண்டு வெவ்வேறு நோய்கள் கலந்து கிடந்திருக்கின்றன. முதலில் கோட்டைக் கீழே இழுத்தவர்கள் மாற்றம் இல்லாதவர்கள். பிறகு தூக்கிப் பிடித்தவர்கள் மாற்றம் உள்ளவர்கள். ஆசியர், பெண், புகைக்காதவர் என்ற அடையாளங்களெல்லாம் தோராயமான குறிகளே. மரபணுவே அறுதி. என் மனதை விட்டு அகலாதவர்கள் மாற்றம் இல்லாமலே மாத்திரைப் பிரிவில் விழுந்தவர்கள். அவர்களில் ஏறக்குறைய யாருக்குமே மாத்திரை உதவவில்லை. ஆனால் சோதனை செய்யாமல் மாத்திரை கொடுக்காதே என்ற விதியை உலகுக்குத் தந்தவர்கள் அவர்கள்தான்.

2009இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் கட்டுரை வெளிவந்தது. அதே ஆண்டில் ஐரோப்பா, மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு என்று இரெஸ்ஸாவை அனுமதித்தது. ஒதுக்கி வைத்த அமெரிக்காவும் 2015இல் அதே நிபந்தனையோடு திரும்ப ஏற்றுக்கொண்டது.

மாத்திரை நோயைக் குணப்படுத்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐபாஸில் மரபணு மாற்றம் உள்ளவர்களின் மொத்த ஆயுள் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றேதான்: 21.6 மாதம், 21.9 மாதம். கீமோவில் தொடங்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பின்னர் இதே வகை மாத்திரைக்கு மாறியது அதற்கு முக்கியக் காரணம். ஓராண்டு அளவில் கட்டி மருந்தை ஏமாற்றக் கற்றுக்கொள்கிறது. அந்தத் தந்திரங்களில் ஒன்றான டி790எம் மாற்றத்தை முறியடிக்க ஓசிமெர்டினிப் வந்தது. அதுவும் ஆய்வுகளின் வழியேதான் வந்தது. 556 பேர் சேர்ந்த ஃபிளாரா ஆய்வில் பழைய மாத்திரைகளோடு ஒப்பிட்டபோது இடைநிலை ஆயுள் 31.8 மாதத்திலிருந்து 38.6 மாதமாக உயர்ந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் வனிதா நொரோன்ஹா குழுவினர் 350 நோயாளிகளிடம் வேறொரு வழியைப் பார்த்தார்கள். பழைய கெஃபிடினிப்போடு கீமோவையும் சேர்த்துத் தந்தபோது நோய் வளராத காலம் 8 மாதத்திலிருந்து 16 மாதமாக இரட்டித்தது. பக்கவிளைவுகளும் கூடின. விலை உயர்ந்த புதிய மருந்தை வாங்க முடியாத நாடுகளுக்கு அது பெரிய செய்தி.

மலேசியாவில் 2012 முதல் சுகாதார அமைச்சின் கீழ் கிளினிக்கல் ரிசர்ச் மலேசியா என்ற அமைப்பு இத்தகைய ஆய்வுகளை நாட்டுக்குக் கொண்டுவரும் வேலையைச் செய்கிறது. ரிங்லெட்டில் இருப்பவர் தானாகத் தேடி அலைய வேண்டியதில்லை. புற்றுநோய் டாக்டரிடம் கேட்க வேண்டியவை சிலதான். என் கட்டியில் மரபணுச் சோதனை செய்தாயிற்றா, முடிவு என்ன? எனக்குப் பொருந்தும் ஆய்வு ஏதும் இப்போது திறந்திருக்கிறதா? சேர்ந்தால் எத்தனை முறை கீழே இறங்க வேண்டும், போக்குவரத்துச் செலவை யார் தருவார்கள்? ஆய்வு முடிந்த பிறகு மருந்து தொடர்ந்து கிடைக்குமா? நடுவில் வேண்டாம் என்று விலகினால், வழக்கமான சிகிச்சை எந்தக் குறையும் இன்றித் தொடர வேண்டும்; இது நோயாளியின் உரிமை, படிவத்திலேயே எழுதப்பட்டிருக்கும். கட்டித் துணுக்குக்கான சம்மதம் தனித் தாளாக வந்தால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். துணுக்கை எங்கே வைப்பார்கள், எத்தனை ஆண்டு, யார் பார்ப்பார்கள் என்று அடுத்த முறை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதிக் கொடுத்தால் போதும்.