எண்ணெய் தின்னும் பாக்டீரியாவும் ஒரு காப்புரிமை வழக்கும்

எண்ணெயையும் கொழுப்பையும் சிதைத்து உணவாக்கிக்கொள்ளும் நுண்ணுயிரிகள் மண்ணிலும் நீரிலும் இயற்கையாகவே வாழ்கின்றன. சமையலறைக் கழிவுநீரில் கலந்துவரும் கொழுப்பை அவை லைப்பேஸ் என்னும் நொதியால் கிளிசராலாகவும் கொழுப்பு அமிலங்களாகவும் பிரித்து, பின் உட்கொள்கின்றன. கச்சா எண்ணெய் அவ்வளவு எளிதில் வசப்படுவதில்லை. அது ஒரே பொருள் அன்று; ஆயிரக்கணக்கான ஹைட்ரோகார்பன் சேர்மங்களின் கலவை. ஒரு வகைப் பாக்டீரியா அவற்றுள் சிலவற்றை மட்டுமே உண்ணும். மீதியை உண்ண வேறு வகை வேண்டும்.

பல வகைகளைக் கலந்து தூவினால் என்ன என்ற கேள்வி எழலாம். அப்படித் தூவினால் அவை ஒன்றோடொன்று போட்டியிடும். சில வகைகளே பிழைக்கும். ஆகவே பலவற்றின் வேலையை ஒன்றே செய்ய வேண்டும் என்று எண்ணியவர் ஆனந்த மோகன் சக்கரவர்த்தி (1938–2020). மேற்கு வங்காளத்தின் சைந்தியாவில் பிறந்தவர். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, இல்லினாய்சு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தபின், 1971இல் செனெக்டடி நகரிலுள்ள ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவன ஆய்வகத்தில் சேர்ந்தார்.

சூடோமோனாசு இனப் பாக்டீரியாக்களில் எண்ணெய்ச் சேர்மங்களைச் சிதைக்கும் மரபணுக்கள் பல, முதன்மை டி.என்.ஏ.வில் இல்லாமல் பிளாசுமிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்களில் இருக்கின்றன. கற்பூரம், ஆக்டேன், சைலீன், நாப்தலீன் ஆகியவற்றைச் சிதைக்கும் நான்கு பிளாசுமிட்டுகளை ஒரே பாக்டீரியாவுக்குள் கொண்டுவந்தார் சக்கரவர்த்தி. ஓர் இடையூறு வந்தது. கற்பூரப் பிளாசுமிட்டும் ஆக்டேன் பிளாசுமிட்டும் ஒரே செல்லில் நிலைத்து நிற்க மறுத்தன. புறஊதாக் கதிரைப் பாய்ச்சி இரண்டையும் ஒன்றாக இணைத்தார். இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதை மரபணுவை வெட்டி ஒட்டிய சாதனை என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியன்று. பாக்டீரியாக்கள் தமக்குள் இயல்பாகப் பிளாசுமிட்டுகளைப் பரிமாறிக்கொள்ளும் இணைவு முறையைத்தான் அவர் பயன்படுத்தினார்.

1972 சூன் மாதம் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது. பாக்டீரியாவை உருவாக்கும் முறைக்கும், அதை வைக்கோல் போன்ற மிதக்கும் பொருளில் ஏற்றி நீரில் இடும் உத்திக்கும் காப்புரிமை தர ஆய்வாளர் இசைந்தார். பாக்டீரியாவுக்கே உரிமை கேட்டதை மறுத்துவிட்டார். உயிருள்ள ஒன்று சட்டத்தின்படி கண்டுபிடிப்பு ஆகாது என்பது அலுவலகத்தின் நிலை. உண்மையில் 1873இலேயே லூயி பாசுடருக்கு நோய்க்கிருமி கலவாத ஈசுட்டு தொடர்பாக அமெரிக்கக் காப்புரிமை தரப்பட்டிருந்தது. ஆனாலும் உயிருக்கு உரிமை கோரலாமா என்ற கேள்வி அதுவரை உச்சநீதிமன்றம் வரை போனதில்லை.

டைமண்டு எதிர் சக்கரவர்த்தி எனப்படும் அவ்வழக்கில் 1980 சூன் 16 அன்று தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகள் சக்கரவர்த்தி பக்கம், நால்வர் எதிர்ப்பக்கம். உயிருள்ளதா இல்லையா என்பது கேள்வி அன்று, இயற்கை படைத்ததா மனிதர் ஆக்கியதா என்பதே கேள்வி என்றார் தலைமை நீதிபதி வாரன் பர்கர். எதிர்த்து எழுதிய நீதிபதி பிரென்னன், தாவரங்களுக்காக 1930இலும் 1970இலும் நாடாளுமன்றம் தனிச் சட்டங்கள் இயற்றியிருப்பதையும், பின்னது பாக்டீரியாவை விலக்கியிருப்பதையும் சுட்டி, இதை முடிவு செய்ய வேண்டியது நாடாளுமன்றமே என்றார். எனக்கு இந்த மறுப்புரையும் வலுவானதாகவே தோன்றுகிறது. ஒரு வாக்கு மாறியிருந்தால் உயிரித்தொழில்நுட்பத் துறையின் பாதையே வேறாகியிருக்கும். 1981 மார்ச்சில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியச் சட்டத்தில், 2002ஆம் ஆண்டுத் திருத்தம் தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் காப்புரிமையை மறுக்கும்போது நுண்ணுயிரிகளை மட்டும் அந்தத் தடையிலிருந்து விலக்கி வைத்தது.

இவ்வளவு வழக்காடிப் பெற்ற அந்தப் பாக்டீரியா கடலில் சிந்திய எண்ணெயை அகற்ற ஒருபோதும் பயன்படுத்தப்படவில்லை. மாற்றியமைத்த உயிரியைத் திறந்த கடலில் விட்டால் என்ன நேருமோ என்ற அச்சம் ஒரு காரணம். ஆய்வகத்தில் கொழித்து வளர்வது அலையிலும் குளிரிலும் வளருமா என்ற ஐயம் இன்னொன்று.

1989 மார்ச் 24 அன்று அலாசுகாவில் எக்சான் வால்டீசு கப்பல் பாறையில் மோதிச் சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. அங்கே புதிய பாக்டீரியாவைத் தூவவில்லை, உரம் தூவினார்கள்! எண்ணெயில் கார்பன் ஏராளம். ஆனால் பாக்டீரியா பெருகத் தேவையான நைட்ரசனும் பாசுபரசும் அதில் போதாது. அவற்றைக் கரையில் இட்டதும், அங்கேயே வாழ்ந்த பாக்டீரியாக்கள் பெருகி எண்ணெயை விரைந்து சிதைத்தன.

தமிழ்நாட்டில் 2017 சனவரி 28 அன்று எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, குளிர்ந்து குழம்பாகிக் கரையொதுங்கியதை மக்கள் வாளியால் அள்ளிய காட்சி பலருக்கும் நினைவிருக்கும். அப்படி அள்ளிச் சேர்த்த கசடு, பின்னர் துறைமுக வளாகத்திலேயே நுண்ணுயிரிகளைக் கொண்டு சிதைக்கும் முறைக்கு உட்படுத்தப்பட்டது.