ஏழாண்டு விதி

மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோய், மூளை, தண்டுவட நரம்பிழைகளின் மயலின் உறையைச் சிதைப்பது. கால் மரத்தல், பார்வை மங்கல் போன்ற அறிகுறிகள் தோன்றி மறைவதால் நோயை உறுதிசெய்யப் பல ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் படைவீரர் பணியிலிருந்து விலகியிருப்பார்; நோய் பணிக்காலத்திலேயே தொடங்கியது என்று அவர் மெய்ப்பிப்பது கடினம்.

இதனால் அமெரிக்கச் சட்டம், குறைந்தது 90 நாள் பணியாற்றியவருக்கு, விலகிய பின் குறித்த காலத்திற்குள் வெளிப்படும் இந்நோயைப் பணியில் வந்ததாகவே கருதி உதவித்தொகை அளிக்கிறது. இக்காலம் 1962இல் மூன்றிலிருந்து ஏழு ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. நோயின் ஊன மதிப்பீடும் 30 விழுக்காட்டிற்குக் குறையாது.

ஏழாண்டு கடந்து நோய் வெளிப்பட்டவர் சான்று காட்ட வேண்டும். அப்போது, பணிக்காலத்தில் பதிவான ஒரு சிறு மரத்துப்போதல் குறிப்பே அவருக்குத் துணையாகலாம்.