மரபியலின் பெயர்களும் மக்களின் வசையும்

சென்ற கோடையில் ஒருநாள் மாலை நாம் அலுவலகம் விட்டுக் குடியிருப்புக்குத் திரும்பியபோது, நம் இளைய மகன் வாயிற்படியில் அமர்ந்து விம்மிக்கொண்டிருந்தான். விளையாட்டில் கீழே விழுந்து அழுதிருக்கிறான். உடன் விளையாடிய தமிழ்ப் பிள்ளைகள் அவனைப் 'பொட்டை' என்று எள்ளியிருக்கின்றனர். தில்லியிலே பிறந்து தில்லியிலே வளரும் பிள்ளைகள் அவர்கள். தமிழில் நான்கு வரி எழுதத் தடுமாறுவோர்க்கும் இந்த ஒரு சொல் மட்டும் எவ்வாறோ வந்து சேர்ந்திருக்கிறது.

அவனைவிட மூன்றாண்டு மூத்தவளான நம் மகள் அருகில் நின்றிருந்தாள். "அப்பா, பொட்டைன்னா பொண்ணுதானே? நானும் பொண்ணுதானே? நான் என்னவா இருக்கேனோ அதைச் சொன்னா இவனுக்கு ஏன் அழுகை வருது?" என்று கேட்டாள்.

நமக்கு விடை கூற நா எழவில்லை. மேலதிகாரியின் முன் வாய் திறவாது திரும்பிய நண்பர் ஒருவரைப் பற்றி, அதே கிழமையில், உணவு வேளையில், அதே சொல்லை நாமே உதிர்த்து நகைத்திருந்தோம். மகளுக்குக் கூற இயலாத விடையைத் தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

தேடல் நம்மைத் தொல்காப்பியத்தில் கொண்டு நிறுத்தியது. பொருளதிகாரத்தின் இறுதி இயலாகிய மரபியல், உயிர்களின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றை வகுத்துரைக்கிறது. பெண்பாற் பெயர்கள் பதின்மூன்று: பேடை, பெடை, பெட்டை, பெண், மூடு, நாகு, கடமை, அளகு, மந்தி, பாட்டி, பிணை, பிணவு, பிடி. எப்பெயர் எவ்வுயிர்க்கு உரியது என்பதையும் ஆசிரியர் வரையறுத்துச் செல்கிறார். பிடி யானைக்கே உரியது. மந்தி குரங்கினத்துக்கு உரியது. பிணை மான் வகைகளுக்கும், பிணவு பன்றி, புல்வாய், நாய் ஆகியவற்றுக்கும் உரியன. எருமையும் மரையும் பெற்றமும் நாகு எனப்படும். நீர்வாழ்வனவற்றுள் நந்துக்கும் அப்பெயர் உண்டு. அளகு என்பது கோழிக்கும் கூகைக்கும் உரியது, மயிலுக்கும் பொருந்தும்.

மூடு, கடமை என்னும் இரண்டும் ஆட்டுக்கே உரியன. எம்மனோர் அலுவலகத்தில் நாள்தோறும் ஓதும் 'கடமை' மரபியலில் பெண்ணாட்டைக் குறிப்பதைக் கண்டு நாம் சற்றே நகைத்தோம் என்பதை மறைப்பானேன்?

இனி, நம் மகனை அழவைத்த சொல்லுக்கு வருவோம். பொட்டை என்பது பெட்டையின் மருவிய வடிவம். ஒட்டகம், குதிரை, கழுதை, மரை ஆகிய நான்கின் பெண்ணுக்கும், பறவைகளின் பெண்ணுக்கும் உரிய பெயராகப் பெட்டையை மரபியல் சுட்டுகிறது. அங்கே இழிவின் நிழலும் இல்லை. ஒட்டகமும் குதிரையும் வைத்து வாழ்ந்தோர்க்கு வேண்டிய ஒரு தொழிற்சொல் அது. இன்றும் ஈழத்து யாழ்ப்பாணப் பகுதியில் பெடியன் என்றால் பையன், பெட்டை என்றால் பெண்பிள்ளை. பெற்றோர் வாயில் அது இயல்பாக வழங்கும் சொல். நெல்லை, மதுரைச் சீமைகளிலும் 'பொட்டப்பிள்ளை' என்று தாயே தன் மகளைக் குறிப்பிடக் கேட்டிருக்கிறோம். ஆகவே சொல் தன்னளவில் நஞ்சு அன்று. ஆணை நோக்கி அதை எறியும்போதுதான் அது நஞ்சாகிறது. இதனை நாம் கருத்தில் இருத்துதல் வேண்டும்.

பதின்மூன்றனுள் நம்மைப் பெரிதும் வியக்கவைத்த பெயர் பாட்டி. மரபியலின்படி பன்றி, நாய், நரி ஆகியவற்றின் பெண்ணே பாட்டி. மதுரைக்காஞ்சியிலோ பாணர்குலத்துப் பாடல்மகளிர் பாட்டியர் எனப்படுகின்றனர். நமக்கோ பாட்டி என்றால் தாயைப் பெற்றவள், தந்தையைப் பெற்றவள். மடியில் இருத்திக் கதை சொன்னவள். ஒலியால் ஒன்றாகிய ஒரு சொல், நரியையும் பாடினியையும் நம் குலமுதல்வியையும் குறித்து வந்திருக்கிறது. ஆயினும் பாட்டி என்று அழைக்கப்படும் மூதாட்டி எவளும் அதனால் மனம் நொந்ததில்லை. ஆண்பாற் பக்கத்திலும் இத்தகைய புதுமை உண்டு. மோத்தை, தகர், உதள், அப்பர் என்பன ஆட்டுக் கடாவின் பெயர்களாக மரபியலில் வருகின்றன. அப்பர் என்றதும் நம் நெஞ்சில் எழுபவர் உழவாரப்படை ஏந்திய திருநாவுக்கரசர் அல்லரோ? கேட்போர் உள்ளத்தில் அன்பிருந்தால் எச்சொல்லும் உயரும் என்பதற்கு இவ்விரண்டும் சான்றுகள்.

அவ்வாறாயின், பழங்காலம் முற்றும் பொற்காலம் என்று கொள்ளலாமோ? கொள்ளலாகாது. பேடு என்னும் சொல் பறவையின் பெண்ணையும் குறிக்கும். ஆண்மை திரிந்த மாந்தரையும் குறிக்கும். அதனோடு உறவுடைய பேடி என்னும் சொல்லைத் திருவள்ளுவர் ஆள்வினையுடைமையிலும் அவையஞ்சாமையிலும் ஆள்கிறார். ஈரிடத்தும் பேடியின் கையிலுள்ள வாள் பயனின்மைக்கே உவமையாகிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் ஒன்று பேடு. மகனைச் சிறைமீட்கக் காமன் ஆடிய கூத்து அது. ஒரே சொல் அரங்கில் கலையாகவும் அறவுரையில் இகழ்ச்சியாகவும் நின்றிருக்கிறது. எனவே, வசை நேற்று முளைத்தது என்று கூறி நம் முன்னோரைக் காப்பதும், நம்மை மட்டும் பழிப்பதும் நேர்மையாகா.

பிற மொழியினர் நிலையையும் சிறிது காண்போம். ஆங்கிலத்தில் பெண் நாய்க்குரிய 'பிட்ச்' என்னும் சொல் ஏறத்தாழ 1400 முதலே பெண்ணை இழித்துரைக்கவும் வழங்கி வந்துள்ளது. கொச்சைச் சொற்களைத் தொகுத்து 1785இல் அகராதி வெளியிட்ட பிரான்சிஸ் குரோஸ், ஆங்கிலப் பெண்ணொருத்தியை நோக்கிக் கூறத்தக்க வசைகளுள் இதுவே கொடியது என்று பதிந்திருக்கிறார். பெண் நரியைக் குறிக்கும் 'விக்ஸன்' சண்டைக்காரியைக் குறிப்பதாயிற்று. எனினும் அந்நாட்டில் நாய் வளர்ப்போர் தம் தொழிலில் முதற்சொல்லை இன்றும் கூச்சமின்றி வழங்குகின்றனர். தில்லித் தெருவில் 'குத்தியா' என்னும் இந்திச் சொல் எப்பொருளில் செவியில் விழுகிறது என்பதை இங்கு வாழும் தமிழர்க்கு நாம் கூறவேண்டுவதில்லை.

ஆனால் இதே வடபுலத்துப் பழங்கதை ஒன்றை இங்கு நினைவுகூர்தல் தகும். இருக்கு வேதத்தில் சரமை என்னும் பெண் நாய் இந்திரனின் தூதாகச் சென்று, பணியர் மறைத்த பசுக்களைத் தேடிக் காண்கிறாள். மகாபாரதத்தின் ஆதிபருவத்திலும் அவள் வருகிறாள். நம் தில்லிக்கு வடக்கேயுள்ள குருட்சேத்திரத்தில் சனமேசயன் வேள்வி செய்கிறான். அங்கே சென்ற சரமையின் குட்டியை அரசனின் தம்பியர் அடித்து விரட்டுகின்றனர். குட்டி அழுதுகொண்டே தாயிடம் மீள்கிறது. அவள் வேள்விச்சாலைக்கே சென்று, 'தவறு ஏதும் செய்யாத என் மகனை ஏன் அடித்தீர்?' என்ற கருத்துப்பட வினவுகிறாள். அரச குலம் விடையின்றி நிற்கிறது; அவள் சபித்துச் செல்கிறாள். பெண் நாய் நீதி கேட்டு வேந்தன் அவையில் நின்ற கதையைப் போற்றிக் காத்த அதே நிலத்தில்தான் அவள் இனப்பெயர் இன்று வசையாயிற்று.

இவ்வீழ்ச்சிக்குக் காரணம் யாது? நமக்குத் தோன்றுவன இரண்டு.

முதலாவது, வாழ்க்கை மாற்றம். மந்தையை மேய்ப்பவனுக்கு மூடு எது, கடா எது என்று தனித்தனிப் பெயர் வேண்டும். பால், கன்று, விலை யாவும் அப்பெயரோடு பிணைந்தவை. ஊரை விட்டு நகர் புகுந்தோர்க்கு விலங்கு போயிற்று, பெயரும் போயிற்று. திவாகரமும் சூடாமணி நிகண்டும் விலங்கின் பெயர்க்கென ஒரு தொகுதியே ஒதுக்கியுள்ளன. அத்தொகுதிகள் ஏட்டில் உறங்குகின்றன. விலங்கை இழந்த பின்னும் நாவில் எஞ்சியது, வசையாகப் பயன்பட்ட பெயர் ஒன்றே.

இரண்டாவது, நம் உள்ளத்தின் சாய்வு. ஆண் விலங்கின் பெயரால் ஆணை அழைத்தால் அது பெருமை: காளை, ஏறு, களிறு. பெண்ணின் நிலை வேறு. அன்னம், மயில், கிளி, குயில் என்று பெண்மக்களுக்குப் பெயரிட்டோம். மான் என்றும் பிடி என்றும் புலவர் பாடினர். கழுதை, எருமை, நாய், பெட்டைக்கோழி என்று ஏசினோம். இவ்விரு வரிசைகளையும் அருகருகே வைத்து நோக்குமின்! வாழ்த்தாக நின்றவை பெரும்பாலும் நமக்காக உழைக்காதவை. வசையானவை நம் முற்றத்தில் கிடந்து பொதி சுமந்தவை, பால் சொரிந்தவை, வாயில் காத்தவை, முட்டையிட்டவை. பசு ஒன்றே பெரிய விலக்கு. வீட்டில் ஓயாது உழைப்பவளின் மதிப்பும் இவ்வாறே தேய்ந்ததென்றால் வியப்பில்லை. 'பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா?' என்னும் பழமொழியைப் பெண்ணின் வாயடைக்க எத்தனை தலைமுறையாக வழங்கியிருக்கிறோம்! 1927இல் சென்னைச் சட்ட மேலவையின் துணைத் தலைவராக மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அமர்ந்தார். பொழுது விடியாமல் நின்றுவிடவில்லை.

வீழ்ந்த சொல் எழுவதும் உண்டு. விலக்கிய சொல்லுக்கு மாற்றுக் காண்பதும் உண்டு. பேடி என்றும் பிற இழிபெயர்களாலும் நெடுங்காலம் ஏசப்பட்டோர்க்குத் தமிழ்நாட்டில் 2008இல் நல வாரியம் அமைந்தது. 'திருநங்கை' என்னும் அழகிய சொல் ஏடுகளிலும் அரசு ஆணைகளிலும் நிலைபெற்றது. நம் கண்முன்னரே, ஒரு தலைமுறைக்குள், இம்மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. நாவைத் திருத்துதல் இயலாத செயல் அன்று.

மகளின் வினாவுக்கு நாம் கண்ட விடை இதுவே: "அம்மா, அந்தச் சொல்லில் பிழை இல்லை. உன்னைப் போல் இருப்பது தாழ்வு என்று எண்ணுவோரின் எண்ணத்தில்தான் பிழை இருக்கிறது. அந்த எண்ணம் உன் அப்பாவிடமும் இருந்தது." இறுதித் தொடரைக் கூறச் சற்றுத் துணிவு வேண்டியிருந்தது. மறுநாள் அலுவலக நண்பரிடமும் வருத்தம் தெரிவித்தோம். அவர் எதைக் குறித்து என்று கேட்டார். நம் சொல் அவர் செவிக்கு எட்டவே இல்லை. எனினும் எதைச் சொன்னோம் என்பதைச் சொல்லியே வருத்தம் தெரிவித்தோம்.

தமிழகத்துக்கு வெளியே பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். இங்கே நம் பிள்ளைகளுக்கு அகராதி நம் வாய்தான். நாம் உதிர்ப்பதே அவர்கள் அறியும் தமிழ். பதின்மூன்று பெயர்களுள் ஒன்றை மட்டும் வசையாகக் கொடுத்துவிட்டு மற்றவற்றைப் பூட்டி வைப்பது, பிள்ளைக்கு உரிய முதுசொத்தில் உடைந்த ஓட்டை மட்டும் கையில் தருவதற்கு ஒப்பாகும். ஆகவே எஞ்சிய பன்னிரண்டையும் சேர்த்தே கொடுப்போம்.

எங்கள் குடியிருப்பின் பின்புறத்துக் கருவேல மரங்களிடையே மயில்கள் உண்டு. விடியற்காலையில் மதிற்சுவர்மீது வந்தமர்ந்து கூவும். தோகையில்லாப் பெண் மயிலை முன்பெல்லாம் எம் பிள்ளைகள் பொருட்படுத்தியதில்லை. இப்பொழுது மகன்தான் முதலில் கண்டு, "அக்கா, அளகு வந்திருக்கு" என்று உள்ளே நோக்கிக் குரல் கொடுக்கிறான்.