மாடியில வச்ச சாமந்தி பூக்கலையா? தெருவிளக்கும் காரணமா இருக்கலாம்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மாடித்தோட்டம் வச்சிருக்கீங்களா? உரம், தண்ணீர் எல்லாம் சரியா கொடுத்தும் சாமந்தி இலையா தழைச்சு, மொட்டே வரலைன்னா, ராத்திரி செடி மேல தெருவிளக்கு வெளிச்சம் விழுதான்னு பாருங்க.

சாமந்தி ஒரு குறும்பகல் தாவரம். பகல் சுருங்கி, இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். எவ்வளவு நீளணும் என்பது ரகத்துக்கு ரகம் மாறும். சென்னையில் பகல் ஜூனில்கூட 13 மணி நேரத்தைத் தாண்டாது. டிசம்பரில் சுமார் 11 மணி 20 நிமிடம்தான்.

உண்மையில் செடி அளப்பது இருட்டைத்தான். இலையில் உள்ள பைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பு ஒளியை உணரும். நடுராத்திரியில் கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாலே நீண்ட இரவு ரெண்டு குட்டி இரவாகிடும், பூ தள்ளிப்போகும். வணிகப் பசுமைக்குடில்களில் இதையே வேணும்னே செய்து, சந்தை தேதிக்குப் பூக்க வைக்கிறாங்க!

சரி, இலைக்குத் தெரிந்த சேதி நுனிக்கு எப்படிப் போகுது? 1930-களில் சோவியத் விஞ்ஞானி மிகைல் சைலாக்கியான் சோதித்ததும் சாமந்தியில்தான். நுனி இலைகளைக் கிள்ளிவிட்டு, கீழ் இலைகளுக்கு மட்டும் குறுகிய பகல் கொடுத்தார். மேலே மொட்டு வந்தது. இலையிலிருந்து நுனிக்குப் போகும் அந்தப் பொருளுக்கு 'ஃப்ளோரிஜன்' என்று பெயர் வைத்தார். அது 'எஃப்.டி.' என்ற புரதம் என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைக்க 2007 ஆகிவிட்டது.

பகலில் நல்ல வெயிலும் ராத்திரியில் முழு இருட்டும் கிடைக்கிற இடத்துக்குத் தொட்டியை மாத்துங்க. இடமில்லையா? மாலை 6 மணிக்குக் கறுப்புத் துணியால மூடி, காலையில் எடுங்க. ரோஜாவுக்கு இந்தத் தொல்லை கிடையாது.